சுட்ட கறிக் கடையில் ராமலிங்கம்

1

நாங்கள் டெக்சாஸுக்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் முடிகிறது. அதைச் சாக்காக வைத்து ஏதாவது எழுதி அனுப்பு என்று அரியலூரிலிருந்து என் தம்பி கடிதம் போட்டிருந்தான். அவன் பஸ் டெப்போவில் வேலை பார்க்கிறான். அங்கே நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்துகிறார்கள். பனி எப்படிக் கொட்டும், கார் எவ்வளவு வேகம் போகும், இதையெல்லாம் எழுது என்கிறான். நாங்கள் இருக்கும் பகுதியில் பனியைப் பார்ப்பதே அபூர்வம். என் கார் பழசு. என்னால் எழுத முடிந்தது போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம் நான் சாப்பிட்ட சாப்பாட்டைப் பற்றித்தான். அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. எழுதினால் விளங்கலாம்.

முதலில் எங்களைப் பற்றி. என் மனைவி தனம் பெரம்பலூர்க்காரி. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். இங்கே ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ்கள் வேண்டுமென்று ஆள் எடுத்தபோது அவளுக்கு வேலை கிடைத்தது. அவள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நான். விசாக் காகிதங்களில் அவள்தான் விண்ணப்பதாரர். நான் 'உடன் வருபவர்'. திருச்சிப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையின் சோதனைக்கூடத்தில் இருந்த அனுபவத்தை வைத்து இங்கேயும் ஒரு சிமென்ட் ஆலையில் வேலை தேடிக்கொண்டேன். சுண்ணாம்புக்கல்லைப் பொடித்து அதில் என்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் வேலை. அரியலூர்க் கல்லைத் தொட்ட கைக்கு இந்த ஊர்க் கல் புதிதாக இல்லை. கல்லைப் பொறுத்தவரை எனக்கு எந்த ஊரிலும் குழப்பம் வந்ததில்லை.

மகள் மலர்விழிக்கு ஐந்து வயது. கிண்டர்கார்டனில் அவள் பெயரைச் சொல்ல முயன்று தோற்ற டீச்சர் அவளை 'மாலி' ஆக்கிவிட்டார். இப்போது வீட்டிலும் மாலி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள். நாங்கள் பேசும் தமிழ் அவளுக்குப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில், அதுவும் இந்த ஊர்க்காரர்கள் இழுக்கிற இழுப்போடு வரும்.

2

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது.

"செல்வராசுங்களா? நான் ராமலிங்கம் பேசறங்க. நம்மூரு. பெரியவூட்டு ராமலிங்கம்."

ரிசீவரைக் காதில் வைத்தபடியே நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

உடையார்பாளையத்துக்கு மேற்கே எங்கள் ஊர். ஊர் நிலத்தில் பாதி பெரியவீட்டுக்காரர்களுடையது. என் அப்பா அவர்கள் பண்ணையில் ஆள்காரர். ஊருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடும். அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் நாங்கள். இப்போது அதற்குக் காலனி என்று பெயர். அப்போது வேறு பெயர் சொல்வார்கள். ராமலிங்கமும் நானும் ஒரே வயது, ஒரே வகுப்பு. அவன் என்னை 'வாடா' என்பான். நான் அவனை 'வாங்க சின்னய்யா' என்பேன். பதின்மூன்று வயதுப் பையன்கள் இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொள்வது அன்றைக்கு யாருக்கும் விநோதமாகத் தெரியவில்லை, எங்கள் இருவருக்கும்கூட. அந்த ராமலிங்கம்தான் இப்போது எனக்கு 'ங்க' போடுகிறான். இதை எழுதும்போதே 'அவர்' என்று எழுதி, அடித்து, 'அவன்' என்று மாற்றினேன். அடுத்த வரியில் என்ன வருமோ தெரியாது.

டாலஸில் கல் உடைக்கும் இயந்திரங்களின் கண்காட்சிக்கு அவன் வந்திருந்தான். அவர்களுடைய புன்செய் நிலங்களில் முக்கால்வாசி இப்போது சுண்ணாம்புக்கல் சுரங்கமாகிவிட்டதாம். என் போன் நம்பரை டெப்போவுக்கே போய் என் தம்பியிடம் கேட்டு வாங்கியிருக்கிறான்.

"சனிக்கெழம சும்மாத்தாங்க இருக்கேன். பஸ் புடிச்சு உங்க ஊருக்கு வந்துர்றேன். பாத்து எத்தினி வருசமாச்சு!"

வாங்க என்றேன். வேறு என்ன சொல்வது?

தனத்துக்கு அந்தச் சனிக்கிழமை பகல் டியூட்டி. "சமைச்சு வெச்சிட்டுப் போறேன். வூட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்க" என்றாள்.

"வேணாம். வெளியில சாப்புட்டுக்கறோம்."

"ஏன், நம்ம வூட்டுல சாப்புட மாட்டாரா?"

"தெரியல."

"தெரியலன்னா கேட்டுப் பாக்கறது."

"கேட்டு, வேணாம்னுட்டா?"

 தனம் மறுநாள் டியூட்டிக்குச் சட்டையை இஸ்திரி போடப் போய்விட்டாள்.

3

பஸ் நிலையத்தில் சபாரி சூட் போட்ட ஒருவன் தோல்பையோடு இறங்கினான். வயிறு போட்டிருந்தது. முன்நெற்றி ஏறியிருந்தது. மாலியின் கையைப் பிடித்தபடி நின்றிருந்த நான் அவனைப் பார்த்ததும் என் வலதுகை தானாக இடது தோளுக்குப் போயிற்று. தோளில் துண்டு இருந்தால் எடுத்து இடுப்பில் கட்டியிருப்பேன். நான் வாழ்நாளில் தோளில் துண்டு போட்டதில்லை. பெரியவீட்டு வாசலில் என் அப்பா செய்ததை என் கை எப்போது பார்த்து எடுத்து வைத்துக்கொண்டதோ தெரியாது. வாயும் சும்மா இருக்கவில்லை. "வாங்க சின்னய்யா" என்றது.

ராமலிங்கம் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "என்னாங்க செல்வராசு, ஆளே மாறிட்டீங்க! பாப்பாவா? பேரு என்னா கண்ணு?" என்றான்.

"மாலி" என்றாள் மாலி.

ஒரு சைனாக்காரர் ஓட்டலுக்குக் கூட்டிப்போகலாம் என்று நினைத்திருந்தேன். அங்கே சோறு கிடைக்கும், சைவமும் உண்டு. அவன் கேட்கவில்லை. "மெசின் கம்பெனிக்காரங்க சொன்னாங்க, டெக்சாஸ் வந்துட்டு அந்தச் சுட்ட கறி சாப்புடாமப் போவக்கூடாதுன்னு. பார்பிக்யூவாமே. அதுக்குப் போவோம்" என்றான்.

எங்கள் டவுனில் அப்படி ஒரு கடைதான் உண்டு. கடை என்றால் ரெஸ்டாரன்ட் மாதிரி நினைக்கக்கூடாது. ரயில்பாதை ஓரத்தில் தகரம் போட்ட நீளமான கொட்டகை. பின்னால் செங்கல் அடுப்பு, அதன் மேல் இரும்பு மூடி. ஓக் என்கிற கருவாலி மர விறகின் புகையிலேயே இறைச்சி பதினைந்து மணி நேரம் கிடந்து வேகும். சுவர், கூரை, கல்லாவில் இருக்கும் அம்மாவின் கண்ணாடி எல்லாவற்றிலும் புகைக்கறை. தட்டு கிடையாது, பழுப்புக் காகிதத்தில் கறியை வெட்டிப் போட்டுத் தருவார்கள். கூடவே ரொட்டித் துண்டு, பச்சை வெங்காயம், வெள்ளரி ஊறுகாய். முள்கரண்டி கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊர் கல்யாணப் பந்தி மாதிரி நீள நீளமான பெஞ்சுகள். யார் பக்கத்தில் வேண்டுமானாலும் யாரும் உட்காரலாம்.

முதல் தடவை இங்கே வந்தபோது கறி வெட்டுகிறவர் என்னைப் பார்த்து, "ஃபேட்டி ஆர் லீன்?" என்று கேட்டார். கொழுப்போடு வேண்டுமா, இல்லாமலா என்று அர்த்தம். நான் என் உடம்பைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "லீன், சார். சின்ன வயசிலிருந்தே லீன்தான்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் இன்றும் என்னைப் பார்த்தால் அதைச் சொல்லிச் சிரிப்பார். அன்றைக்கும் சிரித்தார்.

ராமலிங்கம் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த கறியைக் குனிந்து பார்த்தான். 

"கோழி இருக்குங்க. வான்கோழி இருக்கு" என்றேன்.

"அது என்னா, கருப்பா பெருசா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "மாடுங்க. நெஞ்சுக் கறி" என்றேன்.

"அதையே வாங்குங்க" என்றான்.

கறிக் காகிதத்தை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துப் போனேன். அவன் உட்கார்ந்தான். மாலி அவனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "டாடி, ஏன் நின்னுக்கிட்டே இருக்கே?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அப்போதுதான் நான் நிற்பது எனக்குத் தெரிந்தது.

"உக்காருங்க செல்வராசு" என்றான் ராமலிங்கம். உட்கார்ந்தேன். அவன் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தேன் என்பது வீட்டுக்குத் திரும்பிக் கார் ஓட்டும்போதுதான் உறைத்தது.

அவன் ரொட்டியைத் தொடவில்லை. கறியை விரலால் பிய்த்து வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான். இன்னொரு துண்டு. இன்னொன்று. பிறகு சொன்னான்: "அதே ருசி."

"எதுங்க?"

"எட்டாங்கிளாஸ்ல உங்கம்மா வறுத்துக் குடுத்து வுட்டுச்சே. அது."

4

எழுபதுகளின் தொடக்கம் அது. பள்ளிக்கூடத்தில் மதியம் நாங்கள் புங்கமரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்றைக்கு என் தூக்குவாளியில் கம்பஞ்சோறும் வறுத்த உப்புக்கண்டமும். மாட்டுக்கறி கிடைக்கும்போது அம்மா அதில் உப்பும் மஞ்சளும் தடவிக் கொடியில் காயப்போட்டு வைத்திருப்பார். வறுத்தால் வாசம் மூக்கைத் துளைக்கும். அந்த வாசம் எனக்குப் பிடிக்கும், பள்ளிக்கூடத்தில் பயமாகவும் இருக்கும். மூடியைப் பாதி திறந்தபடிதான் சாப்பிடுவேன்.

ராமலிங்கம் அந்தப் பக்கமாக வந்தான். "என்னாடா கறி, வாசம் தூக்குது?"

"ஆட்டுக்கறிங்க" என்றேன்.

குனிந்து ஒரு துண்டை எடுத்தான். பிறகு இரண்டு. விரலை நக்கிக்கொண்டே போனான்.

மூன்றாம் நாள் காலையில் பெரியவீட்டு ஆட்கள் வந்தார்கள். கொடியை அறுத்து, காய்ந்துகொண்டிருந்த கறியை வாய்க்காலில் எறிந்தார்கள். அப்பாவைக் களத்துக்கு இழுத்துப் போனார்கள். நான் பின்னாலேயே ஓடினேன். அவரை மண்டி போட வைத்து உழவுமாட்டுச் சாட்டையால் அடித்தார்கள். ராமலிங்கத்தின் அப்பா கயிற்றுக்கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "எம் புள்ளைக்கு எதத் தின்னக் குடுத்தான் ஒம் மவன்?" என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டார். அப்பா ஒவ்வோர் அடிக்கும் ஒரே பதிலைச் சொன்னார்: "அறியாப் புள்ளைங்க சாமி."

அடுத்த வாரம் முதுகில் காயம் ஆறாமலே அப்பா என்னை அரியலூருக்குக் கூட்டிப்போய் அரசாங்க விடுதியில் சேர்த்தார். "லீவுக்குக்கூட வராத. நாங்க வந்து பாத்துக்கறோம்" என்றார். அந்தச் சம்பவத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாகும்வரை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். ஆட்டுக்கறி என்று நான் சொன்ன பொய்தான் அவர் முதுகில் விழுந்தது என்று நான் முடிவு செய்துகொண்டேன். மாடு என்று சொல்லியிருந்தால் அவன் தொட்டிருக்கமாட்டான். யாரும் வந்திருக்கமாட்டார்கள். இதைத் தனத்திடம்கூட நான் சொன்னதில்லை.

5

"அது ஆட்டுக்கறி இல்லன்னு எனக்குத் தெரியுங்க" என்றான் ராமலிங்கம்.

நான் கையிலிருந்த வெங்காயத்தைக் காகிதத்தில் வைத்தேன்.

"பாத்தாலே தெரியாதா? தெரிஞ்சுதான் எடுத்தேன். நல்லாருந்துச்சு."

"அப்பறம் வூட்டுல எப்படித் தெரிஞ்சுது?"

"நாந்தான் சொன்னேன். எங்கம்மாகிட்ட." அவன் என்னைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துப் பேசினான். "காட்டிக் குடுக்கணும்னு சொல்லலீங்க. செல்வராசு வூட்டுல செய்யற மாதிரி நமக்கும் செஞ்சு குடும்மான்னு கேட்டேன். எங்கம்மா தலையில அடிச்சிக்கிட்டு அப்பாகிட்டப் போயி சொல்லிட்டாங்க. அவரு மொதல்ல என்னத்தான் வெளுத்தாரு. தெரிஞ்சு தின்னியா, தெரியாமத் தின்னியான்னு கேட்டாரு. தெரியாமத்தான்னுட்டேன்."

பக்கத்து பெஞ்சில் யாரோ உரக்கச் சிரித்தார்கள். மாலி ஊறுகாய் வட்டங்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுதான்னு சொல்லியிருந்தா உங்கப்பாவ வுட்டுருப்பாங்களோ என்னமோ. சொல்லல. வைக்கப்போருக்குப் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க அழுததையும் பாத்தேன்."

இத்தனை வருடம் அவன்மேல் எனக்கு இருந்தது கோபம் என்றால், இப்போது அது பெருகியிருக்க வேண்டும். என்மேல் எனக்கு இருந்தது குற்றவுணர்வு என்றால், அது இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அம்மாவின் சமையலை ஒருவன் பத்தொன்பது வருடமாக நாக்கில் வைத்திருக்கிறான் என்பதில் எனக்கு ஏதோ பெருமை மாதிரிகூட இருந்தது. அப்படி இருந்ததே என்று அசிங்கமாகவும் இருந்தது. எதிரே அவன் கண் சிவந்து நீர் கட்டியிருந்தது. அந்தக் கடையில் புகைக்கு எல்லோருக்கும் கண் சிவக்கும்.

"அங்கிள் அழறாரா?" என்று மாலி கேட்டாள்.

"வெங்காயம்" என்றேன்.

ராமலிங்கம் கையைத் துடைத்தான். ஒரு விரல்கூட விடாமல் நன்றாகத் துடைத்தான். பிறகு தோல்பையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்து மேசையில் வைத்தான்.

"தங்கச்சி உமா ஞாபகம் இருக்குதுங்களா? கைக்கொழந்தையா பாத்திருப்பீங்க. திருச்சியில காலேஜ் முடிச்சிட்டா. இங்க ஒரு யுனிவர்சிட்டியில மேல படிக்க எடம் கெடச்சிருக்கு. விசாவுக்குப் போனா, அந்த ஊர்ல உனக்கு யாரு பொறுப்பு ஏத்துக்கறதுன்னு கேட்டுத் திருப்பிட்டான். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும். வந்த புதுசுல ரெண்டு வாரம் உங்க வூட்டுல இருந்துட்டு ஹாஸ்டலுக்குப் போயிரும்."

நான் படிவத்தைப் பார்த்தேன். அவனைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன் சொன்னதெல்லாம் இதற்கான முன்னுரையா? அல்லது சொல்லிவிட்டுத்தான் கேட்கவேண்டும் என்று நினைத்தானா?  அவனுக்கே தெரியுமோ என்னவோ.

"உங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"அவரு படுத்த படுக்கையா கெடக்கறாருங்க."

"உமாவுக்கு? யாரு வூட்டுக்கு வருதுன்னு?"

"நம்மூர்க்காரரு, என்கூடப் படிச்சவருன்னு சொல்லியிருக்கேன்." பிறகு, "அது பொய் இல்லீங்களே" என்றான்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று படிவத்தை வாங்கிக்கொண்டேன். பஸ் ஏறும்போது அவன் என் கையை இரண்டு கைகளாலும் பிடித்தான். "வரேன்டா செல்வராசு" என்றான். பஸ் கிளம்பிவிட்டது. அந்த 'டா' எந்த 'டா'? வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து 'டா'வா, கூடப் படித்தவர்கள் போட்டுக்கொள்கிற 'டா'வா? இங்கிலீஷில் யோசித்தால் இந்தக் கேள்வியே கிடையாது. அன்றைக்கு அந்த வசதிக்கு எனக்குக் கொஞ்சம் ஏக்கமாக இருந்தது.

6

அன்று சாயங்காலம் தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் முதுகைப் பற்றிச் சொல்லும்போது அவள் காலிலிருந்து வெள்ளை ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு ஷூவோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அழுதுட்டு காயிதத்த எடுத்தாரா, காயிதத்த நெனச்சிக்கிட்டே அழுதாரா?"

"அதாந் தெரியல."

"நீங்க என்னா சொல்றீங்க?"

"ஒரு நேரம் கிழிச்சுப் போட்டுரலாம்னு இருக்கு. ஒரு நேரம் போடலாம்னு இருக்கு. போட்டா அவங்களுக்கு வேல செஞ்ச மாதிரி இருக்குமோன்னு இருக்கு. அப்பாவும் செஞ்சாரு, நானும் செய்யறேன்னு."

அவள் இன்னொரு ஷூவையும் கழற்றி வைத்தாள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு அப்ப என்னா வயசு?" என்றாள்.

"ரெண்டு, மூணு இருக்கும்."

"நான் நர்சிங் சேரறதுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் வேணும்னு பெரம்பலூர்ல ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சேன். ரெண்டு பேரு எங்க தெரு பேரக் கேட்டுட்டு நாளைக்கு வான்னாங்க. மூணாவது ஆளு போட்டுக் குடுத்தாரு. நல்ல மனுசன்னு சொல்ல முடியாது. நிமுந்துகூடப் பாக்கல. ஆனா அந்தக் கையெழுத்துலதான் நாம இங்க ஒக்காந்திருக்கோம். ராமலிங்கத்துக்குன்னா நான் போட மாட்டேன். அந்தப் பொண்ணுக்குன்னா போடுவேன். அதுக்குமேல உங்க இஷ்டம்."

போடுவது என்று முடிவானது. ஆனால் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'விண்ணப்பதாரருக்கும் உங்களுக்கும் என்ன உறவு?' மூன்று நாள் அந்தக் கட்டத்தைக் காலியாக வைத்திருந்தேன். கையெழுத்தைச் சான்றளிக்க எங்கள் ஆலை அலுவலகத்தில் டாரதி என்ற அம்மாள் இருக்கிறார். கறுப்பினத்தவர், ஓய்வுபெற இன்னும் ஓரிரு வருடம் இருக்கும். அவரிடம் படிவத்தை நீட்டினேன்.

"இது காலியாக இருக்கிறதே. சொந்தமா?"

"இல்லை."

"நண்பரா?"

"அவள் அண்ணனைத் தெரியும்."

"அவர் நண்பரா?"

நான் படிவத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

"அக்கம்பக்கத்து வீடா?"

"ஒரே ஊர். ஆனால் நடுவில் ஒரு வாய்க்கால். அவர்கள் அந்தப் பக்கம். நாங்கள் அங்கே வீட்டுக்குள் போகமுடியாது."

டாரதி பேனாவைக் கீழே வைத்தார். ரயில்பாதை ஓரத்துச் சுட்ட கறிக் கடைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டார். போயிருக்கிறேன் என்றேன். அதன் பின்சுவரில் செங்கல் வைத்து அடைத்த ஒரு ஜன்னல் இருக்கும், பார், என்றார். அவர் கல்யாணமாகி வந்த புதிதில் கறுப்பினத்தவரை உள்ளே விடாமல் அந்த ஜன்னல் வழியாகத்தான் கறி கொடுப்பார்களாம். அடுப்பில் நின்று அந்தக் கறியைச் சுட்டவர் அவருடைய மாமனார்.

"இப்போது அங்கே போய்ச் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டேன்.

"சில ஞாயிற்றுக்கிழமை போவேன். சில ஞாயிற்றுக்கிழமை கடைவாசல் வரை போய்த் திரும்பிவிடுவேன்" என்றார். பிறகு, "ஏதாவது ஒன்று எழுது. அரசாங்கத்துக்குக் காலிக் கட்டம் பிடிக்காது" என்றார்.

'குடும்ப நண்பர்' என்று எழுதினேன். வலதுகையைத் தூக்கச் சொன்னார். எழுதியதெல்லாம் உண்மை என்று சத்தியம் செய்தேன்.

7

உமா ஆகஸ்டில் வந்தாள். இரண்டு சூட்கேஸ், எண்ணெய் வைத்துப் பின்னிய சடை, அழுது வீங்கிய முகம். விமானநிலையத்திலேயே தனத்தை "அண்ணி" என்று கூப்பிட்டுக் கட்டிக்கொண்டாள். என்னை "அண்ணே" என்றாள். மாலி அவள் சடையை விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். சோறு, கோழிக்குழம்பு, ரசம். பசியோடு சாப்பிட்டாள். திருச்சியில் ஏறிய பஸ் பாடாலூர் தாண்டியதும் பஞ்சரானது, விமானத்தில் கொடுத்த சோற்றைத் தொடவே பிடிக்காதது எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தாள். பிறகு சாதாரணமாக, ஊர்க்காரர்கள் யாரைப் பார்த்தாலும் கேட்பது போலக் கேட்டாள்.

"அண்ணே, நம்மூர்ல நீங்க எந்தத் தெரு? அண்ணன் சொல்லவே இல்ல."

தெரு என்ற சொல் மாலிக்குத் தெரியும். உடனே முதுகை நிமிர்த்தி, தொலைந்துபோனால் போலீஸிடம் சொல்ல வேண்டுமென்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தபடி, எங்கள் வீட்டு எண், தெரு, டவுன், மாநிலம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தாள். உமா சிரித்தாள். தனம் என்னைப் பார்த்தாள். அந்தச் சிரிப்போடு பேச்சை மாற்றிவிடலாம். மாற்றியிருப்பேன். ஆனால் சத்தியம் செய்து கொடுத்த காகிதத்தில் ஒரு கட்டத்தை அரைகுறையாக நிரப்பியவன் நான். இதையாவது ஒழுங்காகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"வாய்க்காலுக்குத் தெக்க. காலனி" என்றேன். "எங்கப்பா உங்க பண்ணையில ஆள்காரரு."

அவள் கை தட்டில் நின்றது. ஒரு கறிவேப்பிலையைத் தேடி எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"அந்தப் பக்கம் நான் வந்ததே இல்லண்ணே" என்றாள். பிறகு, "அண்ணி, கொஞ்சம் ரசம் ஊத்துங்க" என்றாள்.

சாப்பிட்டு முடித்ததும் தனம் வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல் உமா எழுந்துபோய்த் தன் தட்டைத் தானே கழுவினாள். கழுவி, எங்கள் தட்டுகள் இருந்த தாங்கியில் வைக்காமல் ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தாள். நான் தாங்கியைப் பார்த்தேன். இன்னொரு தட்டுக்கு அங்கே இடம் இருந்தது. ஈரம் சொட்ட வேண்டுமென்று அப்படி வைத்திருக்கலாம். வந்த வீட்டில் எங்கே எதை வைப்பது என்று தெரியாமல் வைத்திருக்கலாம். அவர்கள் வீட்டில் யார் தட்டையும் அவர்கள் கழுவியதே இல்லை. தாங்கி என்று ஒன்று இருப்பதே தெரியாமல் இருக்கலாம். பிற்பகல் முழுக்க எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ராமலிங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, 'அன்புள்ள' என்பதற்குப் பிறகு என்ன போடுவது என்று தெரியாமல் மடித்து வைத்தேன்.

யார் எப்போது எடுத்து வைத்தார்களோ, மறுநாள் காலையில் அந்தத் தட்டு தாங்கியில் மற்றவற்றோடு இருந்தது. நான்கும் பெரம்பலூரில் ஒரே கடையில் வாங்கிய ஒரே அளவு எவர்சில்வர் தட்டுகள். உமா தூக்கக் கலக்கத்தோடு அடுக்களைக்கு வந்து, மேலாக இருந்த ஒன்றை உருவி எடுத்து, தனம் வைத்த இட்லியை வாங்கிக்கொண்டு மாலிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மாலி அவள் தட்டிலிருந்து ஒரு இட்லியை எடுத்துக்கொண்டாள். எந்தத் தட்டு யாருடையது என்று தனம் பார்க்கவில்லை. உமாவும் பார்க்கவில்லை. அந்த அடுக்களையில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றது நான் ஒருவன்தான்.